தோல் பட்டறையும் ஃபாரின் கீயும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றங்கரையின் தோல் ஊர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தோல் பதனிட முடியாது என்றானது. தனியாக நிலையம் கட்ட வசதியில்லாத சிறு பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தன. ராணிடெக், வாணிடெக் எல்லாம் அந்த வகை.

இதை அட்டவணையாக எழுதிப் பாருங்கள். பட்டறைகளுக்கு ஒன்று, நிலையங்களுக்கு ஒன்று. பட்டறையின் ஒவ்வொரு வரியிலும் அது சேர்ந்த நிலையத்தின் எண் இருக்கும். அதுதான் ஃபாரின் கீ. சாதாரண டேட்டாபேஸில் இரண்டையும் இணைப்பது ஒரு வரி வேலை. இரண்டு அட்டவணையும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தால்?

ஓடிக்கொண்டே இருக்கும் தரவைக் கையாளும் மென்பொருளான அப்பாச்சி காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் இதற்கு நேரடி வழி தந்தது 2019 டிசம்பரில் வந்த 2.4 பதிப்பில்தான். அதுவரை இரு அட்டவணைக்கும் ஒரே கீ இருந்தாக வேண்டும். மற்றது புரோகிராமரின் தலையெழுத்து. இப்போது பட்டறை வரி, தன் நிலையத்தின் வரி இருக்கும் பார்ட்டிஷனுக்கு (தரவைப் பிரித்து வைத்த பகுதிக்கு) செய்தி அனுப்பிச் சந்தாதாரராகப் பதிந்துகொள்கிறது. நிலையத்தின் விவரம் மாறினால், பதிந்த எல்லோருக்கும் பதில் போகும்.

சாமர்த்தியம் இனிமேல்தான். பதில் வருவதற்குள் பட்டறை வேறு நிலையத்துக்கு மாறியிருக்கலாம் அல்லவா? அதனால் அனுப்பிய வரியின் ஹாஷும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளமும், கூடவே போய்த் திரும்புகிறது. இப்போதைய வரியோடு பொருந்தவில்லையா, பதில் குப்பைக்கு.

நூறு பட்டறைகள் ஒரே நிலையத்தைச் சுட்டினால், அங்கே ஒரு வரி மாறியதும் நூறு பதில்கள் கிளம்பும். வடிவமைக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.