கருமாடிக் குட்டனும் புறக்காட்டுக் கடலும்

பீருமேட்டு மலையில் வாழும் நம்மவர்க்கு அருவியும் மூடுபனியும் புதியன அல்ல, கடல்தான் அரிது. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் தேயிலைக்கிடையே வளர்ந்த எங்கள் பிள்ளைகள், ‘கடலைக் காட்டுங்கள்’ என்று பலநாள் நச்சரித்தமையால், சென்ற விடுமுறையில் இரு குடும்பத்தாராகப் புறக்காட்டுக் கரைக்குப் புறப்பட்டோம். வழியில் கருமாடியில் உள்ள புத்தரைக் காண வேண்டுமென்பது பெரியவர்களாகிய எங்கள் ஆசை. பிள்ளைகளுக்கு அதில் சிறிதும் விருப்பமில்லை என்பதை மறைப்பானேன்!

குட்டிக்கானத்திலிருந்து இறங்கி, காஞ்சிரப்பள்ளி, திருவல்லா, தகழி வழியாகச் சென்றோம். குட்டநாட்டை அடைந்ததும் பிள்ளைகள் வாயடைத்துப் போயினர். அங்கே வயல்கள் பல கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. நெல் கீழே நிற்க, வரப்புக்கு அப்பால் தோணி மேலே மிதந்து செல்கின்றது.

அம்பலப்புழைக்குக் கிழக்கே, வாய்க்காலோரம் சிறு மண்டபத்தில் வீற்றிருக்கின்றார் கருமாடிக் குட்டன். ஏறத்தாழ மூன்றடி உயரமுள்ள கருங்கல் உருவம், அமர்ந்த கோலம், இடப்பக்கம் சிதைந்து கையும் இல்லை. யானை இடித்துத் தள்ளியது என்பது ஊரார் கதை. நீரோரத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த சிலையைக் காத்து நிறுத்த வழி செய்தவர், கொச்சித் துறைமுகத்தை அமைத்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ என்பர். 1965-இல் தலாய் லாமா இங்கு வந்து வழிபட்டார்.

எங்களுடன் வந்த பெரியம்மா விளக்கேற்ற எண்ணெய் கொண்டு வந்திருந்தார். பூசாரியைக் காணாமையால், “யாரிடம் கேட்பது?” என்று தயங்கி நின்றார். அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர், “குட்டனுக்கு யாரும் விளக்கு வைக்கலாம்” என்றார், பின்பு, “எந்த ஊர்?” என்று வினவினார். பீருமேடு என்றோம். “அதல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊர்?” என்றார். நான்கு தலைமுறையாக நாம் கேட்டுப் பழகிய கேள்விதான். எங்கள் சிறுவன் ஒருவன் சிலையைக் காட்டி, “இந்தச் சாமிக்கு எந்த ஊர், பாட்டி?” என்றான். மூதாட்டி சிரித்துவிட்டு, “இவர் எங்கள் குட்டன், இங்கேதான்” என்றார். குட்டன் என்றால் சிறுபிள்ளை என்று பொருள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மா விளக்கேற்றினார்.

இக்கரையில் ஒருகாலத்தில் பெரும்புகழ் பெற்ற பௌத்தப் பள்ளி இருந்தது; ஸ்ரீமூலவாசம் என்பது அதன் பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் அதற்கு நிலம் அளித்ததைப் பாலியம் செப்பேடு கூறுகின்றது. கடல் அரித்த அக்கோயிலை மூஷிக மன்னன் ஒருவன் காத்த செய்தியை, அதுலன் என்னும் புலவர் பதினோராம் நூற்றாண்டில் இயற்றிய மூஷிகவம்சம் என்னும் வடமொழிக் காவியத்தால் அறிகின்றோம். காத்தும் நிலைக்கவில்லை. அம்பலப்புழை, புறக்காட்டுப் பகுதியில் அது கடலுள் மறைந்தது என்று அறிஞர் பலர் கருதுவர்.

அம்பலப்புழைக் கண்ணன் கோயிலில் பால்பாயசத்திற்கு நேரம் தப்பிவிட்டது. பிள்ளைகளின் முகம் வாடியது, எங்கள் முகமுந்தான்.

புறக்காட்டில் கடலைக் கண்டதும் வாட்டம் பறந்தது. ஆயினும் ஓடி இறங்க மணல் குறைவு. கருங்கற்களை மலைபோற் குவித்துக் கடற்சுவர் எழுப்பியிருக்கின்றார்கள். அதற்கு அப்பாலும் அலை ஏறி வந்து வீடுகளைக் கொண்டு போகின்றது. சுவரற்ற சிறு இடத்தில் பிள்ளைகளை இறக்கினோம். வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த மீனவர் ஒருவர், மழைக்காலத்தில் ‘சாகர’ வரும் செய்தியைச் சொன்னார். அடிச்சேறு கிளம்பிப் பரவுமிடத்தில் அலை அடங்கிக் கடல் குளம்போல் ஆகுமாம், மீனும் திரளுமாம். தாம் முன்பு குடியிருந்த வீடு எங்கே என்று கேட்டோம். அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

பொழுது சாய்ந்து புறப்படுகையில், பெரியம்மா எண்ணெய்ப் புட்டியைக் கழுவி, கடல்நீரை நிரப்பிக்கொண்டார். முண்டக்கயம் தாண்டி மலையேறும்போது பிள்ளைகள் அனைவரும் உறங்கிவிட்டனர். புட்டி மட்டும் அவர் மடியில் விழித்திருந்தது.