தெப்பம் சாயாது... பாய்மரம் சாய்ந்தாலும் எழும்! திருத்தணி சொல்லும் படகுப் பாடம்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணி போகும் ரயில்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சென்னை, வேலூர் பக்கமிருந்து மட்டுமல்ல, எல்லை தாண்டி நகரி, புத்தூரிலிருந்தும் காவடிகள் வரும். 'அரோகரா' கோஷத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். 365 படி ஏறி முருகனைத் தரிசித்த கூட்டம், இறங்கி வந்து சரவணப் பொய்கையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அங்கேதான் மூன்று நாள் தெப்பத் திருவிழா.

வள்ளி, தெய்வானையோடு முருகன் எழுந்தருள, விளக்கு அலங்காரத்தில் தெப்பம் மெதுவாக வலம் வரும். மேலே அவ்வளவு அலங்காரம் இருந்தும் அது ஏன் சாய்வதில்லை?

அகலம்தான் காரணம். அகன்ற அடித்தளத்தின் ஒரு பக்கம் லேசாக அழுந்தினால், அந்தப் பக்கத்துத் தண்ணீரே அதை மேலே தள்ளி நிமிர்த்திவிடும். குளத்தில் பெரிய அலை இல்லை; தெப்பத்துக்கு வேகமும் தேவையில்லை.

ஆனால், காற்றை நம்பிக் கடலில் விரையும் படகுக்கு இந்தக் கணக்கு போதாது. அதைப் பார்க்க, சுமார் 85 கி.மீ. தள்ளி சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருப்பது அங்கேதான்.

பாய்மரப் படகுப் போட்டிகளில் உலகம் முழுக்கப் பிரபலமானது 'லேசர்' படகு. கனடாவின் புரூஸ் கிர்பி வடிவமைத்தது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதில் 'ரேடியல்' வகை. 4.23 மீட்டர் நீளம். உடல் எடை 59 கிலோதான்! கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, ரெசின் பூசி இறுகவிடும் ஃபைபர் கிளாஸ் என்பதால்தான் இவ்வளவு லேசு. ஒரே அச்சில் வருவதால் எல்லாப் படகும் ஒன்றுபோலவே இருக்கும். ஜெயிப்பது ஓட்டுபவரின் திறமை.

காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நழுவாமல் தடுப்பது, அடியில் செங்குத்தாக இறங்கியிருக்கும் பலகை. சாயாமல் காப்பது ஓட்டுபவரின் உடம்பு. எதிர்ப்பக்கம் வெளியே சாய்ந்து எடை கொடுப்பார். அப்படியும் கவிழ்ந்தால், அந்தப் பலகை மீது ஏறி நின்று பின்னால் சாய்வார், படகு நிமிர்ந்துவிடும். பெரிய பாய்மரப் படகுகளில் இந்த வேலையை அடியில் பொருத்திய ஈயம் அல்லது இரும்பு எடை பார்த்துக்கொள்ளும்.

சுற்றுலாப் படகில் அந்தப் பலகையும் கிடையாது, அடி எடையும் கிடையாது. பயணிகளே எடை! 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையிலிருந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாய்ந்தது.

அடுத்த முறை குடும்பத்தோடு படகு ஏறும்போது, குழந்தைகளுக்கும் உங்களுக்கும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கையை விட்டு எழாதீர்கள். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் ஓடவே வேண்டாம்.

எப்படிப் போவது? சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு மின்சார ரயில் உண்டு. தெப்பம் பார்க்க ஆடிக் கிருத்திகைதான் சரியான நேரம்.