கரிசல் மண்ணைப் பற்றி ஏழு நிமிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். உள்ளே போன பிறகுதான் இன்னொரு கதவு இருப்பது தெரிகிறது. செமினார், வைவா, புராஜெக்ட் ரிவியூ எல்லாமே ஆங்கிலத்தில், அதுவும் நின்று பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் மார்க் வாங்கியதெல்லாம் எழுதித்தானே!

என்னிடம் படித்த ஒரு மாணவர், அருப்புக்கோட்டையில் தறி போட்டிருக்கிறார், போன் செய்தார். "சார், பிள்ளை காலேஜுக்குப் போகமாட்டேங்குது. தறியில உக்காந்துக்கிறேங்குது."

மகள் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. செமினாரில் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நின்றுபோயிருக்கிறாள். "தமிழ் மீடியமா?" என்று யாரோ கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அதிலிருந்து செமினார் உள்ள நாட்களில் லீவு. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதுவதே சிக்கல். "தமிழ் வழியிலேயே சேர்த்திருக்கலாமே" என்றார்கள் சொந்தக்காரர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது உண்மைதான். ஆனால் இவள் சேர்ந்த கல்லூரியில் அது கிடையாது.

அதற்குள் அப்பா இரண்டு மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பிப் பார்த்திருந்தார். அங்கே சொல்லிக் கொடுத்தது செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன், ஓட்டலில் என்ன கேட்பது, ரயில் நிலையத்தில் எப்படி விசாரிப்பது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் செமினாரில் யாரும் ரயிலுக்கு டைம் கேட்பதில்லை. ஒன்று ஏன் நடக்கிறது, அதற்கு ஆதாரம் என்ன, நீ சொல்வதில் எனக்கு ஏன் உடன்பாடில்லை - இவற்றைச் சொல்வதற்கான ஆங்கிலம் வேறு.

நான் இயற்பியல் வாத்தியார். இலக்கணம் நடத்த எனக்கு வராது. திண்ணையில் உட்கார வைத்து, "தாயி, எந்தத் தலைப்பில் நின்னுபோன?" என்று கேட்டேன். "பிளாக் காட்டன் சாயில் சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கரிசல் மண்! தமிழிலேயே சொல்லு என்றேன். இருபது நிமிடம் நிறுத்தவில்லை. மழையில் களித்துகள் தண்ணீரை இழுத்து ஊதுவது, கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது, அஸ்திவாரம் ஏறி இறங்கிச் சுவரில் விரிசல் விழுவது, அதற்காக ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் போல விரிந்த 'அண்டர் ரீம்டு பைல்' அஸ்திவாரத்தை உருவாக்கியது வரை வந்தது. தன் வீட்டுச் சுவர் விரிசலையும் சேர்த்துக்கொண்டாள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை யோசிக்க அவகாசம் உண்டு. ஆங்கிலத்தில் எழுவாய் முடிந்ததும் வினை வந்து நிற்க வேண்டும். முழு வாக்கியத்தையும் மனசுக்குள் தமிழில் கட்டிவிட்டுத் திருப்பிப் போடப் பார்க்கிறாள். அந்த இடத்தில்தான் வண்டி நிற்கிறது. ஆகவே சின்ன வாக்கியமாக வெட்டினோம். "வென் தி சாயில் டேக்ஸ் இன் வாட்டர், இட் ஸ்வெல்ஸ்." அவ்வளவுதான். கூடவே கைப்பிடி மாதிரி சில தொடர்கள்: "திஸ் இஸ் பிகாஸ்", "தி கிராஃப் ஷோஸ் தட்", "குட் யூ ரிபீட் தி கொஸ்டின், ப்ளீஸ்?" கடைசித் தொடர்தான் ரொம்ப உதவியது. கேள்வியைத் திரும்பக் கேட்பது அவமானமில்லை என்பதை அவள் நம்பவே நான்கு நாள் ஆனது.

மொழி ஆசிரியர்கள் 4-3-2 என்று ஒரு முறை சொல்வார்கள். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், வேறொருவரிடம் மூன்று நிமிடம், இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் தயக்கம் குறையும். நான், என் மனைவி, மூன்றாவதாக ஏழு வயதுப் பேரன். அவன்தான் கடுமையான நடுவர், கொட்டாவி விட்டுவிடுவான். செல்போனில் பதிவு செய்து அவளையே கேட்க வைத்தோம். உச்சரிப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. லண்டன்காரர் மாதிரி பேசத் தேவையில்லை, புரிந்தால் போதும்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பல்ல. 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு என்ற பேராசிரியர் பெங்களூர், சென்னை, கடலூர் பகுதிகளில் சில பள்ளிகளில் இலக்கணப் பாடத்துக்குப் பதில் வரைபடம், கால அட்டவணை போன்ற புதிர்களைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். கவனம் விஷயத்தில் இருக்கும்போது மொழி கூடவே வந்து சேரும் என்பது அவர் கருத்து. உலகமெங்கும் இன்று அதைப் பேசுகிறார்கள். நம்ம பக்கத்து ஊர்ச் சரக்கு, நமக்கே தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்து மறுபடி அதே தலைப்பில் ஏழு நிமிடம் பேசினாள். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒருமுறை திணறியிருக்கிறாள். ஒரு கேள்விக்கு, "ஐ டோன்ட் நோ, ஐ வில் செக்" என்று சொல்லிவிட்டு நின்றபடியே இருந்திருக்கிறாள், உட்காரவில்லை. வருகைப் பதிவு இன்னும் இழுபறிதான். அதற்கு அப்பா அலைந்துகொண்டிருக்கிறார்.

சனி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். முதலாண்டு, இரண்டாமாண்டுப் பிள்ளைகள் வரலாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வேண்டாம், அவரவர் பாடப் புத்தகத்தோடு வரட்டும். பேரனுக்கும் இப்போது கொட்டாவி கொஞ்சம் குறைந்திருக்கிறது.