சிலோன் ரேடியோ கேட்ட கரை

கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும் உள்ள கடலோர ஊர்களில் கொழும்பிலிருந்து வந்த சிலோன் ரேடியோ ஒரு காலத்தில் பட்டப்பகலிலும் கணீரென்று கேட்கும். காரணம் கடல்தான். மத்திய அலை தரையை ஒட்டிப் போகிற அலை. காய்ந்த மண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீருக்கு மேல் நெடுந்தூரம் போகும். கொழும்புக்கும் எங்கள் கரைக்கும் நடுவில் பெரும்பாலும் மன்னார் வளைகுடாதான். பொழுது சாய்ந்த பிறகு அந்த அலை வானத்தின் மேலடுக்கில் பட்டும் திரும்பி வரும். அதனால் உள்நாட்டு ஊர்களுக்கு ராத்திரியில்தான் சிலோன் தெளிவாகக் கிடைத்தது. எங்களுக்கு எந்நேரமும் கிடைத்தது.

இந்த விளக்கமெல்லாம் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்தது, கொழும்பு கிட்டத்தில் இருக்கிறது, மெட்ராஸ் தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான்.

ஊரில் முதலில் இருந்தது பஞ்சாயத்து ரேடியோ ஒன்றே ஒன்று. கட்டடத்துக்குள் பெட்டி, வெளியே கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி. சாயந்தரமானால் திருச்சி நிலையத்தை வைப்பார்கள். 1939-ல் தொடங்கிய நிலையம் அது. விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, விலை நிலவரம், செய்தி. தஞ்சாவூர்ப் பக்கம் ரேடியோவில் கேட்டே ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டு, அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். எங்களுடையது வானம் பார்த்த பூமி. அந்த நெல் எங்களுக்கு எட்டாது. மிளகாய் விலை சொல்லும்போது மட்டும் ஊருணிக் கரையில் பேச்சு நின்றுபோகும். பனையேறி இறங்கியவர்கள் அரிவாள் பெட்டியை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே நின்று கேட்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது கரண்ட் வந்த பிறகு. வால்வு ரேடியோ. குமிழைத் திருகினால் உடனே பாடாது. பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால் வால்வுகள் மெல்லச் சிவக்கும், சூடேறிய தூசி வாசனை வரும், அப்புறம்தான் எங்கேயோ ஆழத்திலிருந்து குரல் மேலே ஏறி வரும். அந்தச் சின்னக் காத்திருப்பில் வீடே அமைதியாகிவிடும். கூரையில் வலைக்கம்பி ஏரியல். எர்த் கம்பியைக் கொல்லையில் புதைத்து, மண் காயாமல் இருக்கத் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். அது பிள்ளைகள் வேலை. அதற்காக நாங்கள் போட்டி போட்டோம். பெட்டிக்கு அக்கா பூ வேலை செய்த துணி உறை தைத்துப் போட்டாள். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் முறையை எடுத்தார்கள்.

காலையில் சிலோன் ரேடியோவின் ‘பொங்கும் பூம்புனல்’. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தை அதை வைத்தே கணக்குப் பண்ணினோம். அறிவிப்பாளர்களில் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசுவார். அப்துல் ஹமீதின் குரலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் துலங்கும். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் சொந்த அத்தை திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும். சினிமாப் பாட்டை இந்த அளவுக்கு மதித்து, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி ஒலிபரப்பியவர்கள் அவர்கள். பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை என் தலைமுறை கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஆனால் என் அப்பத்தா காத்திருந்தது பாட்டுக்காக இல்லை. மரண அறிவித்தலுக்காக.

இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார். இன்னாரின் மகள், இன்னாரின் துணைவி, இன்னாரின் பாசமிகு தாயார். ஈமக்கிரியை இன்ன நேரம், இன்ன மயானம். கடலுக்கு அந்தப் பக்கம் செத்துப்போன, முகம் தெரியாத ஒரு மனுஷியின் குடும்பம் முழுவதும் எங்கள் அடுப்படிக்குள் வந்துபோகும். அப்பத்தா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். “நாலும் பொம்பளைப் பிள்ளையப்பா, பாவம்” என்பாள். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, மானிப்பாய் என்று அத்தனை ஊரும் அவளுக்கு அத்துப்படி. ராமநாதபுரத்தைத் தாண்டி அவள் அதிகம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தின் வரைபடம் முழுக்க அவள் காதில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கொழும்பில் கடை வைத்த குடும்பங்கள் உண்டு. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்து, அது வழியாக ரயிலும் கப்பலுமாய்க் கொழும்புக்குப் போன பாதை அற்றுப்போன பிறகும் ரேடியோ அலைக்கு ஒரு சேதமும் இல்லை. கடல் அடைத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

இலங்கையில் கலவரம் வெடித்த 1983-க்குப் பிறகு அதே ஊர்ப் பெயர்கள் செய்தியில் வரத் தொடங்கின. அங்கிருந்து படகுகளில் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். மண்டபம் அகதி முகாம் நிறைந்தது. மீன் விற்கப் போன பெண்களோடு அப்பத்தாவும் ஒருநாள் அங்கே போனாள். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். “சாவகச்சேரி” என்றதும், பக்கத்து ஊர்களையெல்லாம் அப்பத்தா வரிசையாகச் சொல்ல, அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாளாம். திரும்பி வந்த அப்பத்தா அன்று ரேடியோவுக்குக் கிட்டே போகவில்லை. அதன் பிறகு மரண அறிவித்தல் வந்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். பிறகொரு நாள் கே.எஸ். ராஜாவும் கொழும்பில் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தபோது ஊரில் பல வீடுகளில் ரேடியோ பாடவில்லை.

டிரான்சிஸ்டர் வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது, பொதிகை டி.வி. வந்தது. அவையெல்லாம் நல்ல பொருள்கள்தான். அவற்றின் மீது எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. என் ஏக்கம் அந்த மரப்பெட்டிக்காகக்கூட இல்லை. பார்க்காத ஊரையும் பார்க்காத மனிதர்களையும் காதால் மட்டும் அறிந்து, அவர்கள் துக்கத்துக்கு அழவும் தெரிந்த ஒரு வாழ்க்கை இந்தக் கரையில் இருந்தது. அதற்காகத்தான். இன்று போரையும் வெள்ளத்தையும் கையகலத் திரையில் நேரிலேயே பார்க்கிறோம். அப்பத்தா அன்றைக்குக் கேட்ட அளவுக்கு நான் பார்ப்பதில்லை என்பதை அறிவேன்.

அந்த ரேடியோ நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. கேட்டவர்களின் நினைவில்தான் மிச்சம் இருக்கிறது. அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், ரேடியோவில் என்ன கேட்டீர்கள், யார் வீட்டில் கேட்டீர்கள், எதற்கு அழுதீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.