நத்தைக்குள் ஒரு ஜெட்

மேடு வந்தாலே என் டீசல் கார் திணறியது. நீலப் புகை வேறு. மெக்கானிக் டர்போவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கு சார், நீங்களே பாருங்க."

நத்தை ஓடு மாதிரி ஓர் இரும்பு. உள்ளே விரல் விட்டுச் சுண்டினேன். இந்தப் பக்கம் அலுமினியச் சக்கரம் சுற்ற, அந்தப் பக்கம் கரி படிந்த சக்கரமும் கூடவே சுற்றியது. இரண்டுக்கும் ஒரே தண்டு. எஞ்சின் விடும் புகை கரிச் சக்கரத்தைத் தள்ளும். மற்றது காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும்.

1937இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் ஓட்டிப் பார்த்த ஜெட் எஞ்சினிலும் இதே ஜோடிதான். நடுவில் பிஸ்டனுக்குப் பதிலாக ஓர் அடுப்பு. டர்போ அதற்கும் மூத்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூகி 1905இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்.

போர்க்காலத்தில் விட்டிலின் எஞ்சினைத் தயாரிக்கும் வேலை, கார் கம்பெனியான ரோவரிடம் போனது. ஒத்துவரவில்லை. ரோவர்காரர்கள் வடிவமைப்பில் கைவைக்க, விட்டில் கொதித்தார். எஞ்சின் மட்டும் வந்தபாடில்லை. 1942 கடைசியில் கிளித்தரோ என்ற சிற்றூரின் விடுதியில் ஒரு விருந்து. ஜெட்டை எங்களுக்குக் கொடுங்கள், எங்கள் டேங்க் எஞ்சின் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ரோல்ஸ் ராய்ஸின் ஹைவ்ஸ். ரோவரின் ஸ்பென்சர் வில்க்ஸ் சம்மதித்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி, சாப்பாட்டோடு பேச்சு முடிந்தது. 1944 ஜூலையில் அந்த ஜெட், மீட்டியர் போர் விமானத்தில் பணிக்குப் போனது.

ரோவருக்கு ஆசை விடவில்லை. 1950இல் 'ஜெட் 1' என்ற திறந்த காருக்குள் அதே வகை டர்பைன் எஞ்சினை வைத்தார்கள். 1952இல் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில் அது மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் கடைக்கு வரவில்லை. ஒரே சீராக ஓடத்தான் டர்பைனுக்குப் பிடிக்கும். சாலையோ நின்று நின்று போகிற இடம். சும்மா நின்றாலும் அது எரிபொருளைக் குடிக்கும். மிதித்தால் யோசித்துத்தான் கிளம்பும்.

புது டர்போவோடு அதே மேட்டில் மிதித்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய விசில், கார் எகிறியது. அந்த ஒரு கணத் தயக்கத்துக்கு முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது, குடும்பக் குணம் என்று விட்டுவிடுகிறேன்.