ஞமலிக்கு ஒரு வரன்

நாய் வளர்ப்போரைச் சில கேள்விகள் விடாமல் தொடர்ந்து வரும். "கடிக்குமா?" என்பது முதற்கேள்வி. "என்ன போடுகிறீர்கள்?" என்பது அடுத்தது. வீட்டில் இருப்பது பெட்டை நாயாக அமைந்துவிட்டால் மூன்றாவதாக ஒன்று வந்து சேரும்: "குட்டி எப்போது?" முதல் இரண்டுக்கும் வாயிற்படியில் நின்றபடியே விடை கூறி அனுப்பிவிடலாம். மூன்றாவதற்கு விடை காண எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகள் நடக்கும் வேகத்தை அறிந்த அன்பர்கள் இதனைத் தாமதம் என்று கருதமாட்டார்கள்.

எங்கள் இல்லத்து நாய் இராஜபாளையம் இனத்தைச் சேர்ந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்புகையில் உறவினர் ஒருவர் அன்பு மிகுதியால் எங்கள் கையில் ஒப்படைத்த குட்டி. பால் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள். தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், இரண்டே அறைகளில் எங்கள் நால்வரோடு ஐந்தாவதாக அவள் வந்து சேர்ந்தாள். சங்க நூல்களில் நாயைக் குறிக்கும் சொல்லாகிய 'ஞமலி' என்பதையே அவளுக்குப் பெயராக இட்டோம். நாய்க்கு நாய் என்றே பெயர் வைத்திருக்கிறீர்களே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் நகைத்தார். அண்டை வீட்டுப் பஞ்சாபியருக்கு 'ஞ' வாயில் நுழையவில்லை. அவர்களுக்கு அவள் 'நம்லி' ஆனாள். அந்தப் பெயருக்கும் வாலாட்டப் பழகிக்கொண்டாள்.

நாய்க்குப் பெயரிட்டு மதிப்பது நம்மவர்க்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வரோடு போராடிய வீரனோடு, கோவிவன் என்னும் அவனுடைய நாயும் உருவும் பெயருமாக அக்கல்லில் இடம் பெற்றிருக்கிறது. நம் காலத்திலும் நாட்டு நாய்களுக்குக் கொஞ்சம் புகழ் வந்திருக்கிறது. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்னார். ஞமலி அதற்குப் பின் வந்தவள். ஆதலால் குட்டி வேண்டுவோர் பட்டியல் அவள் பால்பற்கள் விழுமுன்பே தொடங்கிவிட்டது.

பத்தாம் மாதத்தில் அவளுக்கு முதற்பருவம் வந்தது. பெட்டை நாய்க்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவம் வரும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். முதல் ஒன்பது நாள் அளவுக்கு உதிரப்போக்கு இருக்கும்; அப்போது ஆண் நாயை அவளே அண்டவிடமாட்டாள். உதிரம் வெளிறி நிற்கத் தொடங்கும்போதுதான் மனம் மாறும். விவரம் அறியாதவர்கள், இனிக் கவலையில்லை என்று கட்டவிழ்த்து விடுவதும் அந்த நாட்களில்தான். எங்கள் படிக்கட்டின் அடியில் சுற்றுவட்டாரத்துக் கடுவன் நாய்கள் எல்லாம் கூடித் தர்ணா இருந்தன. எங்களில் ஒருவர் கையில் தடியுடன் முன்னே நடக்க, மற்றவர் ஞமலியைக் கயிற்றில் பிடித்துப் பின்னே செல்ல, விடியற்காலை நான்கு மணிக்கு உலாப் போய் வந்தோம். குடியிருப்புக் காவலர் எங்களை மிகுந்த இரக்கத்துடன் பார்த்தார்.

வீட்டில் வழக்கை முதலில் தொடுத்தவர் பாட்டி. எண்பதை நெருங்கும் அவர், தில்லியில் எதைப் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை என்ற கொள்கை உடையவர். ஞமலியின் விஷயத்தில் மட்டும் அக்கொள்கையைத் தளர்த்திக்கொண்டார். "ஏம்ப்பா, பொம்பளைப் பிறவின்னு வந்தாச்சு. ஒரு தடவையாவது பெத்துப் பார்க்க வேண்டாமா? பாவம்ப்பா" என்றார். மாடியிலும் கீழ்த்தளத்திலும் உள்ளவர்கள் இந்தியிலும் பஞ்சாபியிலும் வங்காளியிலும் இதே கருத்தைச் சொன்னார்கள். தேசிய ஒருமைப்பாட்டை இத்தனை கண்கூடாக நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாம் பருவம் முடிந்து இரண்டு மாதம் ஆனபோது நடந்தது பாட்டியின் பக்கத்தை மேலும் வலுப்படுத்தியது. ஞமலி உணவைக் குறைத்தாள். பாட்டியின் கம்பளிக் காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலின் அடியில் வைத்தாள். பழைய துணிகளை இழுத்துக் குவித்து மடை கட்டினாள். காலுறையை மடியில் அணைத்து நக்கினாள். எவரேனும் அதை எடுக்கக் குனிந்தால் முணுமுணுத்தாள். ஐந்தாம் நாள் காம்புகளில் பால் கசிந்தது. பாட்டி தரையில் அமர்ந்து அவள் தலையைத் தடவியபடி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் மகள் அழுதே விட்டாள். காலுறையைப் பிள்ளையாக எண்ணிக் காக்கும் ஓர் உயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பொறுமைசாலி, வரைபடம் போட்டே விளக்கினார். பருவத்துக்குப் பின் பெட்டை நாயின் உடலில், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு இரண்டு மாத அளவுக்கு உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஏறும். அதனால் சில நாய்களுக்குப் பொய்ச்சினை தோன்றும்; மடை கட்டுவதும் பால் சுரப்பதும் அதன் விளைவு. இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கிவிடும். மடியைத் தொட்டுப் பிசையாமல் விட்டால் போதும் என்றார். ஒருமுறை ஈன்றுவிட்டால் இது பின்னர் வராது என்றோ, ஈனாத நாய் ஏங்கி நோயுறும் என்றோ சொல்வதற்கு அடிப்படை இல்லை என்பதையும் அவரிடம் கேட்டுத் தெளிந்தோம். அவர் உண்மையில் அஞ்சியது வேறொன்றை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. கவனியாது விட்டால் அது உயிரைக் கொண்டுபோய்விடும்.

பதினெட்டாம் நாள் காலையில் ஞமலி காலுறையைக் கூடத்தில் போட்டுவிட்டுப் பந்தைத் தேடினாள். பாட்டி அதைத் துவைத்து உலர்த்தி மீண்டும் அணிந்துகொண்டார்.

ஈன வைப்பதானால் எப்போது என்றும் மருத்துவரிடம் கேட்டிருந்தோம். முதற்பருவத்தில் கூடவே கூடாது. எலும்பு முற்றாத உடம்பு. நாய்களைப் பெருக்கி விற்போருக்காக மத்திய அரசு 2017இல் வெளியிட்ட விதிகளில் தாய்க்கு 18 மாதமாவது நிறைந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது; வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது; குட்டிகளை 8 வாரத்துக்கு முன் விற்கலாகாது. இத்தனை பெரிய இனத்துக்கு இரண்டு வயதாவது ஆகட்டும், மூன்றாம் பருவத்தில் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அதற்கு முன் செய்ய வேண்டியவை என அவர் எழுதிக் கொடுத்த சீட்டு நீண்டிருந்தது. தடுப்பூசிகள், குடற்புழு நீக்கம், தாய்க்கும் தந்தைக்கும் புரூசெல்லா நோய்க்கான இரத்தச் சோதனை, இடுப்பெலும்புக் கதிர்ப்படம், நாள் குறிக்க மற்றோர் இரத்தச் சோதனை. (சோதிடர்களுக்கும் அந்த அளவு துல்லியம் வாய்ப்பதில்லை.) சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகளுக்கு முதல் இரண்டு வாரம் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் திறன் கிடையாது. தில்லியின் சனவரிக் குளிரையும் மே மாத அனலையும் எண்ணிப் பார்த்தோம். தாய்க்குப் பாலூட்டும் நாட்களில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பு வரலாம். தாய் இறந்துபடின் குட்டிகளுக்கு இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும். எங்கள் இருவரின் தற்செயல் விடுப்பையும் கூட்டிக் கணக்கிட்டுப் பார்த்ததில் போதவில்லை.

இதற்கிடையில் வரன் ஒன்று வந்தது. நொய்டாவில் வசிக்கும் நம்மவர் ஒருவரிடம் அதே இனத்து ஆண் நாய் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றோம். உண்மையிலேயே அழகன். உயரமும் நெஞ்சகலமும் நடையும் எங்களை மயக்கின. பஜ்ஜியும் காப்பியும் வந்தன. இருதரப்பாரும் ஊர், தெரு, உறவுமுறை விசாரித்துக்கொண்டோம். "எவ்வளவு நிதானம் பாருங்கள்! பட்டாசு வெடித்தாலும் அசையமாட்டான்" என்று பெருமையுடன் சொன்னார் வீட்டுக்காரர். அந்தச் சொல் எங்கள் மகளின் காதில் தைத்தது. அவன் உறங்கும் சமயம் பார்த்து, பின்புறமாக நின்று, காற்றோ தரையதிர்வோ அவனை எட்டாத தொலைவில் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். காது மடல்கூட அசையவில்லை. பிறகு உணவுத் தட்டை ஒலிக்கச் செய்தாள். அதற்கும் அவன் எழவில்லை.

வெள்ளை நிற நாய்களிடம் பிறவிச் செவிடு மிகுதி. இராஜபாளையத்தில் அது நெடுநாளைய குறை. நிறமிச் செல்கள் தோலுக்கு நிறம் தருவதோடு நில்லாமல் உட்செவியின் நலத்துக்கும் தேவைப்படுகின்றன. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. ஒரு செவி மட்டும் கேளாத நாயை வீட்டுச் சோதனையால் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு மின்கருவி வேண்டும். ஆனால் அந்த நாயும் குறையைச் சந்ததிக்குக் கடத்தும். ஞமலிக்கு நன்றாகக் கேட்கிறது. மூன்றாம் வீட்டில் பிஸ்கோத்துப் பொட்டலம் பிரிப்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் அவளுக்கு இரு செவியும் கேட்கிறதா, ஒன்றா என்பதை எங்களால் உறுதி சொல்ல இயலாது. போதாக்குறைக்கு, பேச்சினிடையே இரு நாய்களும் ஒரே ஊரில் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பது வெளிப்பட்டது. இருவருக்கும் தந்தை ஒன்றாக இருக்கலாம்; ஏட்டில் எழுதி வைத்தவர் எவருமில்லை. வீட்டுக்காரருக்கு அந்த உண்மையை எப்படிச் சொல்வது என்று மெட்ரோ நிலையம் வரும்வரை விவாதித்து, மறுநாள் தொலைபேசியில் சொன்னோம். அவர் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே அழைத்து, "சாவியைக் குலுக்கிப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார்.

வேறு வரன் தேடியிருக்கலாம். அதற்குள் மகள் ஒரு காரியம் செய்தாள். குட்டி கேட்டவர்களின் பெயர்களைத் தாளில் எழுதினாள், ஒன்பது பெயர்கள். இந்த இனத்தில் ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் பிறப்பது இயல்பே என்பதால், தாளைப் பார்த்ததும் எங்களுக்குத் தெம்பாகவே இருந்தது. பின்னர் ஒவ்வொருவரிடமும் பேசினோம். ஒருவருக்குக் குவாஹாத்திக்கு மாற்றல் வரவிருந்தது. ஒருவர் வாடகை வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் நாயை ஒப்பார். ஒருவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டின் பதினோராம் மாடிக்குப் போகிறார். ஒருவர் கடுவன் குட்டிதான் வேண்டும் என்றார். மற்றொருவர் கட்டிப்போட்டு வளர்க்க எண்ணியிருந்தார். மிஞ்சியவை இரண்டு பெயர்கள்.

இடமாற்றம் என்பது இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு விளக்க வேண்டிய சொல் அன்று. ஆணை வந்த மறுநாளே பள்ளி மாற்றுச் சான்றிதழ், எரிவாயு இணைப்பு, குளிர்பெட்டிக்கு மரச்சட்டம் என்று பட்டியல் தொடங்கிவிடும். அந்தப் பட்டியலில் நாய்க்கு இடம் கிடைப்பது அரிது. எங்கள் அடுத்த கட்டடத்துப் படிக்கட்டில் லாப்ரடார் நாய் ஒன்று மூன்று ஆண்டுகள் வாழ்ந்தது. அதை வளர்த்தவர்கள் மாற்றலாகிச் சென்றபோது, தெரிந்தவர் ஒருவர் வந்து அழைத்துப் போவார் என்று சொல்லிச் சென்றார்களாம். எவரும் வரவில்லை. காலி செய்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. நாய் மட்டும் மாலை ஆறு மணிக்கு அந்தக் கதவின் முன் போய் அமர்ந்துகொள்ளும். அலுவலகப் பேருந்து வரும் நேரம் அது. நாங்கள் சோறு வைத்தோம், மற்றவர்களும் வைத்தார்கள். சென்ற ஆண்டுப் பனிக்காலத்தில் அது இறந்தது. எங்கள் மகள் பட்டியலில் கோடு போடும்போது அந்த நாயைத்தான் நினைத்திருப்பாள் என்று நாங்கள் எண்ணினோம், கேட்கவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ள எங்களால் முடியவில்லை. நாட்டு இனங்கள் அருகி வருகின்றன, ஆளுக்கு ஆள் கருத்தடை செய்தால் இராஜபாளையம் அஞ்சல்தலையில் மட்டுமே மிஞ்சும் என்று எங்கள் தமிழாசிரிய நண்பர் வருந்தினார். இனம் வாழவேண்டும் என்பதில் எங்களுக்கும் அவருக்கும் வேறுபாடில்லை. ஆயினும் அதை வாழவைக்க முற்றமும் வயலும் வேண்டும். நான்கு தலைமுறைக்குத் தாய் தந்தையர் பெயர் தெரிய வேண்டும். செவிடானது எது என்று மறைக்காத ஏடு வேண்டும். குலம் கோத்திரம் அறியாத ஒரு நாயை இரண்டாம் மாடியில் வைத்து நாங்கள் ஈன வைத்தால், பெருகுவது அந்தக் குறையாகவே இருக்கக்கூடும் என்றோம். நண்பர் ஒப்பவில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது.

மூன்றாம் பருவமும் தடியும் கயிறுமாகக் கழிந்தது. முடிந்து மூன்று மாதம் ஆனதும், உடல் அமைதியுற்ற காலத்தில் அறுவை செய்வது நலம் என்ற மருத்துவர் சொற்படி நாள் குறித்தோம். பாட்டி மறுக்கவில்லை. முந்திய நாள் மட்டும், "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். எங்களுக்கு அது விந்தையாகத் தோன்றவில்லை, சொன்னோம். காலையில் சென்று மாலையில் திரும்பிவிட்டாள். கழுத்தில் மாட்டிய கூம்போடு மேசைக்கால், கதவு, பாட்டியின் முழங்கால் என்று ஒன்றுவிடாமல் முட்டினாள். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

அந்த வாரமே நாகபுரியிலிருக்கும் மைத்துனர் அழைத்தார். குட்டி இல்லை என்றதும் வருந்தி, ஊரில் விலைக்கு வாங்கலாமா என்று கேட்டார். வாங்கலாம் என்றோம், கேட்டுக்கொள்ள வேண்டியவற்றை மகள் எழுதி அனுப்பினாள். தாயை நேரில் காட்டுவார்களா? அதற்கு வயதென்ன, இது எத்தனையாவது ஈற்று? தந்தை எவ்வூர்? எட்டு வாரம் நிறைந்ததா? பின்னால் நின்று சாவியைக் குலுக்கினால் திரும்புகிறதா? கடைசிக் கேள்வி மைத்துனருக்கே: உங்களுக்கு அடுத்த மாற்றல் எப்போது? அவர் இன்னும் பதில் எழுதவில்லை.