முன்னறை வீடா, கடையா?

ஐப்பசி பிறந்துவிட்டால், முடிச்சூரில் அந்தத் தையல்கார அக்கா வீட்டில் தரையில் எதுவும் இருக்காது. துணி மூட்டைகள் பரணுக்குப் போய்விடும். இரண்டு தையல் மெஷின்களும் செங்கல் அடுக்கின் மேல் ஏறிவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது கற்ற பாடம் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அந்தச் செங்கல் உயரம் போதவில்லை. மெஷின்கள், ஓவர்லாக், ஃபால்ஸ் அடிக்க வந்திருந்த பட்டுப்புடவைகள் எல்லாம் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. 'இன்ஷூரன்ஸ் இருக்கே' என்ற தைரியம் மட்டும் மிச்சம். வீட்டுக் கடன் வாங்கியபோது எடுத்த பாலிசி அது.

சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோ என்று வரிசையாக எழுதினார். முன்னறைக்கு வந்ததும் பேனா நின்றது.

"இது வீட்டுச் சாமான் இல்லையேம்மா, தொழில் சாமான்."

"இதுவும் என் வீடுதானே சார்?"

வீடுதான். ஆனால், வீட்டுப் பாலிசி பொறுப்பேற்பது வீட்டு உபயோகப் பொருட்களுக்குத்தான். ஃப்ரிட்ஜுக்குப் பணம் வந்தது, மெஷின்களுக்கு வரவில்லை. புடவைகளுக்கான பணத்தை, பல மாதங்கள் தையல் கூலியில் கழித்துத்தான் அக்கா அடைத்தார்.

வீட்டிலேயே மசாலா அரைப்பவர்கள், கேக் செய்பவர்கள், பியூட்டி பார்லர் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். இவர்களைப் போன்றவர்களுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. ஓரிடத்தில் உள்ள தொழில் சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் இதை எடுக்கலாம். இயந்திரம், மூலப்பொருள், சரக்கு ஆகியவற்றுக்குத் தீ, புயல், வெள்ளத்தால் ஏற்படும் சேதத்தை இது ஏற்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டக் கூடாது. 1 லட்ச ரூபாய் பொருளை 50,000 என்று காட்டினால் இழப்பீடும் அதற்கேற்பக் குறையும். வெள்ளம், தீ எதுவும் இல்லாமல் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனி பாலிசி வேண்டும். முக்கியமாக, வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த பொருள் தானாகச் சேராது. அதைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பாலிசியில் எழுத வைக்க வேண்டும்.

அக்கா இப்போது தொழிலுக்கெனத் தனி பாலிசி வைத்திருக்கிறார். மெஷின் பில்களும் முன்னறையின் போட்டோக்களும் வெளியூரில் இருக்கும் மகளின் போனில் பத்திரமாக இருக்கின்றன. முதலில் வந்த பாலிசித் தாளில் 'வாடிக்கையாளர் துணிகள்' என்ற வரி இல்லை. ஏஜென்டைக் கூப்பிட்டு, "அது இல்லாம எனக்கு இந்தப் பேப்பரே வேணாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அந்த வரியோடு வந்தது.

செங்கல் அடுக்கிலும் இந்த வருஷம் ஒரு வரிசை கூடியிருக்கிறது.